பங்களா கட்டியவர்களும் கோயில் கட்டியவரும்

கோடைக்கானலை உருவாக்கியது யார் என்று கேட்டால், ‘வெள்ளைக்காரன்தான், வேற யாரு?’ என்பீர்கள். சரிதான். ஆனால், நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் இல்லை... அமெரிக்கன்! ஊட்டிக்கு ஒரு கலெக்டர் ஜான் சலிவன் என்றால், கோடையில் 1845-ல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள், மதுரையில் மதப்பிரசாரம் செய்துவந்த அமெரிக்க மிஷனரிகள்.

பிரசாரம் செய்ய வந்தவர்களுக்கு மலையில் என்ன வேலை? உயிர்பயம்தான்! 1816-ல் யாழ்ப்பாணத்தில் கால் பதித்த அமெரிக்க மிஷன், 1834-ல் மதுரைக்கு வந்தது. வெயில், காலரா, காய்ச்சல் என்று ஒன்று மாற்றி ஒன்று தாக்கியது. முதலில் சிறுமலைக்கு ஓடிப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. அதனால், இன்னும் உயரமான பழநி மலைக்கு ஏறினார்கள்.

அப்போது இந்த மலை ஒன்றும் காலியாகக் கிடக்கவில்லை. குன்னுவர்கள் பல தலைமுறைகளாக இங்கே பயிர் செய்துவந்தார்கள். இன்றைக்கு நீங்கள் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலைப் பக்கம் போனால், படிப்படியாக இறங்கும் வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவதைப் பார்க்கலாம். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் இருக்கிறார். அடிவாரத்தில் பழநியாண்டவர். மொத்தத்தில் இது முருகனின் மலை!

ஏற்கெனவே ஒரு சாமியைக் கும்பிடுகிறவர்களிடம் இன்னொரு சாமியைப் பற்றி எப்படிப் பேசுவது? மிஷனரிகள் முதலில் தமிழ் படித்தார்கள். பள்ளிக்கூடம், அச்சகம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-லேயே பெண்களுக்குப் பள்ளி திறந்துவிட்டார்கள். சாதியை விடாத கிறிஸ்தவர்களோடு மதுரை மிஷன் மல்லுக்கட்டியது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதையே ஒரு பரீட்சையாக வைத்தது. அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. இன்னொரு பக்கம், நம் வழிபாட்டையெல்லாம் ‘இருட்டு’ என்று அவர்கள் எழுதியதும் பேசியதும் நிறையப் பேரைப் புண்படுத்தியது.

பதில் யாழ்ப்பாணத்திலிருந்தே வந்தது. மெதடிஸ்ட் மிஷனரி பீட்டர் பெர்சிவலுக்கு பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்க உதவினார் ஓர் இளைஞர். வருடக்கணக்கில் அந்த வேலையில் மூழ்கியிருந்தும் அவர் மதம் மாறவில்லை. பைபிளைக் கரைத்துக் குடித்த அந்தச் சைவர், மிஷனரிகளின் ஆயுதங்களையே கையில் எடுத்தார். பிரசங்கம், அச்சுப் புத்தகம், 1848-ல் ஒரு பள்ளிக்கூடம்! அவர்தான் ஆறுமுக நாவலர்.

அடுத்து வந்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன், மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898-லும், யோவான் சுவிசேஷத்துக்கு 1902-லும் ஆங்கிலத்தில் உரை எழுதினார். ‘ஏசு சொன்னது எங்கள் ஞானிகள் சொன்னதுதான், வாருங்கள் விளக்குகிறேன்’ என்கிற தோரணை! 1905-ல் அமெரிக்காவுக்கே போய்ச் சொற்பொழிவு செய்தார். யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே அமெரிக்காவுக்கு!

அவருடைய நூல்களைப் பதிப்பித்தவர் ஆர்.எல்.ஹாரிசன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. இராமநாதனைக் குருவாக ஏற்றுச் சைவத்தைத் தழுவியவர். பிறகு அவரையே மணந்து, லீலாவதி இராமநாதன் ஆனார். மிஷன் பள்ளிகளுக்குப் போட்டியாக இந்துப் பெண்களுக்கென்று இராமநாதன் 1913-ல் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார். மதங்கள் போட்டி போட்டன... பெண்கள் படித்தார்கள்!

இராமநாதனும் எல்லா விஷயத்திலும் முற்போக்குவாதி அல்ல. எல்லோருக்கும் ஓட்டுரிமை என்றபோது கடுமையாக எதிர்த்தவர் அவர். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சொன்ன மிஷனரி, அடுத்தவர் கோயிலை மதிக்கத் தெரியாமல் நின்றார். அடுத்தவர் வேதத்துக்கு உரை எழுதுமளவு பரந்த மனசுக்காரர், சாமானியனின் ஓட்டை மதிக்கத் தயங்கினார். தராசின் எந்தத் தட்டில் யாரை வைப்பீர்கள்?

1930-ல் இராமநாதன் காலமானார். லீலாவதி அம்மையார் 1936-ல் கோடைக்கானலில் ஒரு முருகன் கோயில் கட்டினார். நீங்கள் டூர் போகும்போது பார்க்கிற குறிஞ்சி ஆண்டவர் கோயில் அதுதான். இப்போது பழநி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிக்கூடமும் அதே ஊரில் இன்டர்நேஷனல் ஸ்கூலாக வளர்ந்து நிற்கிறது.

கிறிஸ்துவைச் சொல்ல வந்தவர்கள் உருவாக்கிய ஊரில், வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஒரு நம்பிக்கையை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது என்றால், அவர் ‘ம்ஹூம், வேண்டாம்’ என்பதற்கும், திருப்பி நமக்கே உபதேசம் செய்வதற்கும் உரிமை இருக்கத்தானே வேண்டும்? சொல்கிற வாய்க்கு, கேட்கிற காதும் வேண்டும். இந்த மலையில் இரண்டும் இருந்தன!