பாட்டு ஏறிய சிரிப்பும் பாட்டு இறங்கிய சிரிப்பும்

லண்டன் ஹேமார்க்கெட் தெருவிலுள்ள தியேட்டர் ராயலில் 2019 பிப்ரவரியில் ஒரு பாட்டு நாடகம் தொடங்கியது. பெயர் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்'. பி.பி.சி.யில் 1981-இல் ஆரம்பித்த அதே பெயருள்ள தொலைக்காட்சித் தொடரைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பெக்கம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் அண்ணன், தம்பி, ஒரு தாத்தா. மூன்று சக்கர மஞ்சள் வண்டியில் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாத சரக்குகளை ஏற்றி விற்பதுதான் பிழைப்பு. அடுத்த வருஷம் பணக்காரராகிவிடுவோம் என்பது அண்ணனின் நிரந்தர நம்பிக்கை. 1996 கிறிஸ்துமஸில் வந்த ஒரு பகுதியை அந்த நாட்டில் 2 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

தொடரை எழுதிய ஜான் சல்லிவன் 2011-இல் காலமானார். அவருடைய மகன் ஜிம் சல்லிவனும் நடிகர் பால் வைட்ஹவுஸும் சேர்ந்து மேடைக்கு எழுதினார்கள். பாட்டுகளில் பல சாஸ் ஹாட்ஜஸ் போட்டவை. அவரும் நாடகம் மேடையேறும் முன்பே, 2018-இல் போய்விட்டார். நாடகம், நடுவில் கொரோனா அடைப்பு போக, 2023 வரை ஓடியது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் ஊரில் இதே பயணம் தலைகீழாக நடந்தது.

அங்கே சிரிப்புத் தொடர் திரையை விட்டு மேடைக்கு வரும்போது பாட்டு ஏறுகிறது. இங்கே மேடையை விட்டுத் திரைக்குப் போகும்போது ஏறியது. அதற்கும் முன்னால் நம் மேடை முழுக்கப் பாட்டாகவே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகத்தில் ராஜாவும் பாடுவார், சேவகனும் பாடுவான். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் முதலில் வந்து, ஆர்மோனியக்காரரைச் சீண்டி, ஆடிப் பாடிக் கூட்டத்தை உட்கார வைத்தால்தான் கதையே தொடங்கும்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல், பிறகு நீதிபதி. விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார், பாட்டைக் குறைத்தார், வசனத்தை முன்னே கொண்டுவந்தார். படித்தவர்கள் கூச்சமில்லாமல் வேஷம் கட்டியது அவரால்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அவரிடம் தனி ஒட்டுதல். மோலியேரின் 'ஸ்காபேன்' நாடகத்தைப் பள்ளியில் நாங்கள் உருப்போட்டிருக்கிறோம். எஜமானர்களை ஏமாற்றிப் பணம் கறக்கும் வேலைக்காரனின் கதை. பல வருஷம் கழித்துப் பம்மலாரின் 'காளப்பன் கள்ளத்தன'த்தைப் படித்தால், அதே ஸ்காபேன் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறான்! ஆனால் அதே மோலியேர் 1670-இல் பதினான்காம் லூயி மன்னருக்காக எழுதிய 'பூர்ஷுவா ஜாந்தியோம்' பாட்டும் ஆட்டமும் கலந்தது; இசை லுல்லி. புதுப்பணக்காரர் ஒருவர் சங்கீத வாத்தியாரையும் நாட்டிய வாத்தியாரையும் வைத்துக்கொண்டு பெரிய மனிதராகப் பார்க்கிறார். அதில் பாட்டை எடுத்துவிட்டால் பாதி கேலி போய்விடும்.

பம்மலாரின் 'சபாபதி'யைப் பாருங்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்து எஜமானின் மானத்தை வாங்கும் வேலைக்காரன் கதை. 1941-இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படமாக்கினார். எஜமானாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்னம். பம்மலார் மேடையில் குறைத்த பாட்டு திரையில் திரும்ப வந்து உட்கார்ந்தது. சோவின் 'முகம்மது பின் துக்ளக்' 1968-இல் மேடையேறியபோது பேச்சுதான் அதன் பலம். 1971-இல் படமானபோது எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்தார். கிரேஸி மோகனின் 'மேரேஜ் மேட் இன் சலூன்' 1983-இல் 'பொய்க்கால் குதிரை' ஆனபோதும் பாட்டு வந்தது.

பாட்டு சேர்ப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைப்பதுபோல நெய்ய வேண்டும். வெளியே நெய்து ஒட்டினால் நம் தறிக்காரர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எல்லாச் சிரிப்பும் பாட்டைத் தாங்காது. அதே பி.பி.சி.யில் 1980-இல் தொடங்கிய 'எஸ் மினிஸ்டர்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டனி ஜேயும் ஜொனாதன் லின்னும் எழுதியது. மந்திரி ஏதாவது செய்ய நினைப்பார். செயலாளர் சர் ஹம்ப்ரி மிக மரியாதையாக அதைச் செய்யவிடாமல் பண்ணுவார். ஒரு பகுதியில், நூற்றுக்கணக்கான நிர்வாக ஊழியர்கள் மும்முரமாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நோயாளி ஒருவர்கூட இல்லை. கோப்புகளுக்கு நடுவே ஆயுளைக் கழித்த என்னைப் போன்றவர்களுக்கு அது வெறும் கற்பனை இல்லை.

2001-இல் ஸ்டார் பிளஸில் அது 'ஜீ மந்த்ரிஜி' என்று இந்திக்கு வந்தது. ஃபாரூக் ஷேக் மந்திரி, ஜயந்த் கிருபளானி செயலாளர். நல்ல நடிகர்கள்தான், ஆனாலும் நெடுநாள் ஓடவில்லை. மூலத்தை ஒட்டியே போனதுதான் காரணம் என்பது என் எண்ணம். நம் செயலகத்தில் மறுப்பு வேறு மாதிரி வரும். 'இல்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'விளக்கம் கோரலாம்' என்று ஒரு குறிப்பு எழுதினால் கோப்பு ஆறு மாதம் தூங்கும். 2010-இல் இங்கிலாந்தில் மூல ஆசிரியர்களே அந்தக் கதையை மேடைக்குக் கொண்டுவந்தார்கள், பாட்டு இல்லாமல். செய்தது சரி. ஹம்ப்ரி மூச்சுவிடாமல் பேசும் நீண்ட வாக்கியமே ஒரு கச்சேரி. சந்தைக்காரன் பாடலாம், கோப்புக்காரன் பாடினால் எடுபடாது.

ஆனால் நம்மிடம் வேறு வழி ஒன்று இருக்கிறது. தாமலைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடுவான். கட்டியங்காரன் வெளியே நின்று, 'யாருய்யா நீ?' என்று நம் பேச்சில் கேட்பான். பாட்டு அங்கே, கேலி இங்கே. ராஜா முன்னால் அவன் ரேஷன் கடையைப் பற்றிப் பேசலாம், பஞ்சாயத்துத் தலைவரைக் கிண்டலடிக்கலாம். சபா நாடகம் பபூனை வெளியே அனுப்பிவிட்ட பிறகும் கூத்து கட்டியங்காரனை விடவில்லை.

அந்தக் கூத்தும் இப்போது சுகமாக இல்லை. பி. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் 1990-இல் காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்திப் பெண்பிள்ளைகளுக்கும் கூத்து சொல்லிக்கொடுத்தார்கள். குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. அங்கே படித்த பிள்ளைகளில் யாராவது 'எஸ் மினிஸ்டர்' கதையைக் கையில் எடுத்தால் நான் முதல் வரிசையில் பாயைப் போட்டுக்கொள்வேன். மந்திரி கிரீடம், புஜக்கட்டையோடு திரைக்குப் பின்னால் நின்று தன் திட்டங்களை ராகம் போட்டுப் பாடட்டும். செயலாளர்தான் கட்டியங்காரன். அவனுக்கு மட்டும் பாட்டு வேண்டாம்; கையில் ஒரு கோப்பு போதும்.