நிற்க வைத்து எடுத்த படம்: கணுக்கால் தேய்மானத்தில் எலும்புச் சாய்வை அளந்த வரலாறு

கணுக்கால் மூட்டுத் தேய்மானத்தை எக்ஸ்ரேயில் இரண்டு விதமாக அளக்கலாம். எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. எலும்பு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. இடைவெளியையும் எலும்பு முளைகளையும் கொண்டு தேய்மானத்தைத் தரம் பிரிக்கும் முறையைக் கெல்கிரென், லாரன்ஸ் இருவரும் 1957இல் வெளியிட்டனர். சாய்வின் வரலாறு அதைவிடப் பிந்தியது. அதற்குக் காரணம் கருவியின் குறை என்பதைவிட, நோயாளியைப் படுக்க வைத்தே படம் எடுத்த வழக்கம் என்பதே என் கருத்து. உடலின் எடை காலில் இறங்காத படத்தில் சாய்வு மறைந்துவிடுகிறது.

1976இல் வெளிவந்த இரண்டு கட்டுரைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கணுக்காலின் தாலஸ் எலும்பு வெளிப்பக்கமாக 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு சராசரியாக 42% குறைகிறது என்று ராம்ஸியும் ஹாமில்டனும் ஆய்வுக்கூடத்தில் காட்டினர். மூட்டின் ஒரே பகுதியில் சுமை குவிந்தால் குருத்தெலும்பு அங்கே விரைவாகத் தேயும் என்பதற்கு இது வலுவான ஆதாரமாயிற்று. அதே ஆண்டில் ஜேம்ஸ் கோபி, நிற்கும் நோயாளியின் பாதத்தைப் பின்புறமிருந்து படம்பிடிக்கும் முறையை விவரித்தார். முன்னது சிறு விலகலுக்கும் விலை உண்டு என்றது. பின்னது விலகலைப் பார்க்க வழி சொன்னது.

இந்த வழியை அளவுமுறையாக்கியவர்கள் அயோவாவின் சால்ட்ஸ்மனும் எல்-கூரியும். அவர்கள் முறையில் நோயாளி மேடைமேல் நிற்பார். படத்தகடு 20 டிகிரி சாய்ந்திருக்கும். கதிர் அதற்குச் செங்குத்தாக வரும். டிபியாவின் (கீழ்க்காலின் பெரிய எலும்பு) நடுக்கோட்டைக் கீழே நீட்டி, குதிகால் எலும்பின் அடிமுனை அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். நோயில்லாதவர்களில் 80 விழுக்காட்டினருக்கு விலகல் 8 மி.மீ.க்குள்ளும், 95 விழுக்காட்டினருக்கு 15 மி.மீ.க்குள்ளும் இருந்ததாக 1995இல் எழுதினர்.

அதே 1995இல் ஜப்பானின் நாராவிலிருந்து தகாகுராவின் கட்டுரை வந்தது. உள்பக்கம் சாய்ந்து தேய்ந்த கணுக்காலுக்கு, டிபியாவின் கீழ்ப்பகுதியை வெட்டிக் கோணத்தைத் திருத்தும் அறுவை அதன் பொருள். டிபியாவின் அச்சுக்கும் அதன் அடிப்பரப்புக்கும் இடையேயான கோணம் முன்புறப் படத்தில் ஏறத்தாழ 88–89 டிகிரி, பக்கவாட்டுப் படத்தில் 80 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். தேய்மானத்தை நிலைகளாகப் பிரிக்கும் தகாகுரா முறையின் மூன்றாம் நிலையை, 2006இல் அதே குழுவின் தனகாவும் தகாகுராவும் இரண்டாகப் பிரித்தனர்: தேய்மானம் உள்கணுப் பக்கத்தோடு நின்றால் 3ஏ, தாலஸின் மேற்கூரைக்கும் பரவினால் 3பி. இரண்டாம் நிலையிலும் 3ஏ நிலையிலும் கோணத் திருத்தம் பலன் தந்தது. 3பியை எட்டினால் பெரும்பாலும் மூட்டை இணைத்துவிடுவதோ செயற்கை மூட்டோதான் வழி. ஆக, அறுவை எது என்பதையே ஒரு படம் தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டது.

இந்த அளவுகளை அப்படியே நம் புதுச்சேரிக்குக் கொண்டுவரலாமா? தயங்கியே ஆக வேண்டும். நாராவின் நோயாளிகள் பெரும்பாலும் காரணம் தெரியாத தேய்மானம் கொண்ட பெண்கள். அயோவாவில் சால்ட்ஸ்மன் குழு 2005இல் வெளியிட்ட 639 பேரின் கணக்கில் 70% காயத்துக்குப் பின் வந்த தேய்மானம். காரணம் தெரியாதது 7% மட்டுமே. விழுப்புரம் சாலை வில்லியனூர் வழியாகவும், கடலூர் சாலை பாகூர் கொம்யூன் வழியாகவும் போகின்றன. இச்சாலைகளில் பைக்கிலிருந்து விழுந்து கணு உடைந்தவர், புத்தூர் கட்டுப் போட்டு எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியவர் ஆகியோரின் கணுக்காலை நாராவைவிட அயோவாவின் கணக்கோடு ஒப்பிடுவதே பொருத்தம். தரையில் குந்துவதும் சம்மணமிடுவதும் வாழ்க்கையாக இருக்கும் இடத்தில் மூட்டை இணைப்பதன் இழப்பும் கூடுதல். கோணத்தை முன்கூட்டியே அளப்பதன் தேவையும் அதனால் கூடுகிறது.

வசதிக்கு இங்கே பஞ்சமில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் ஆயிற்று. அதன் ஊரக மையம் வில்லியனூர் கொம்யூனின் இராமநாதபுரத்தில் இருக்கிறது. பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நிற்க வைத்து எடுக்கும் படத்துக்கு விலையுயர்ந்த எந்திரம் வேண்டாம். உறுதியான மரப்பெட்டியும், எக்ஸ்ரே சீட்டில் "நிற்க வைத்து, இரண்டு காலும்" என்ற குறிப்பும் போதும். மற்றக் காலையும் எடுத்தால் அந்த ஆளின் இயல்பான கோணமே ஒப்பீட்டுக்குக் கிடைக்கும். ஜப்பான் சராசரியை நம்பியிருக்க வேண்டாம்.

ஆனால் கால் சற்றே திரும்பினாலும் குதிகாலின் விலகல் மாறித் தோன்றும். நிற்க வைத்தே எடுக்கும் கோன்பீம் சிடி இந்தக் குறையைப் போக்கியது. 2017இல் லின்ட்ஸ் குழு அதற்கென முப்பரிமாண அளவு ஒன்றை முன்வைத்தது. அந்த எந்திரம் எட்டாத இடங்களில், பாதத்தின் திசையை மேடையில் கோடு போட்டுக் குறித்து, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் நிற்க வைப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. அப்படி எடுத்த படங்களை மட்டுமே ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம்.