கன்னியாகுமரி மாவட்ட ஆழிப்பேரலை மறுவாழ்வுக் குடியிருப்புகள்

கன்னியாகுமரி மாவட்ட ஆழிப்பேரலை மறுவாழ்வுக் குடியிருப்புகள் என்பவை, டிசம்பர் 26, 2004 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்காகத் தொண்டு நிறுவனங்களும் தமிழ்நாடு அரசும் அமைத்த வீட்டுத் தொகுதிகள் ஆகும். பேச்சு வழக்கில் இவை சுனாமி காலனி எனப்படுகின்றன. உழைக்கும் ஏழைகளுக்குக் கொடையாளர் செலவில் வீடு கட்டும் முயற்சியில், 19ஆம் நூற்றாண்டு இலண்டனில் எழுந்த சில கேள்விகள் இங்கும் எழுந்தன.

பின்னணி

சுமாத்திராவை ஒட்டிய கடலடி நிலநடுக்கத்தால் உருவான அலைகள் அன்று காலை இக்கரையைத் தாக்கின. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்திற்கு அடுத்தபடியாக இம்மாவட்டத்திலேயே மிகுதியான உயிரிழப்பு ஏற்பட்டது. ஏறத்தாழ 800 பேர் இறந்தனர். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் பெருஞ்சேதமடைந்தன. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலம் அலையால் பெயர்க்கப்பட்டது.

2005இல் தமிழ்நாடு அரசு, வீடு கட்டித் தரத் தொண்டு நிறுவனங்களை அழைத்தது. நிலத்தை அரசும் கட்டுமானச் செலவை நிறுவனமும் ஏற்பது பொதுவான ஏற்பாடாகும். உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக வழங்கப்பட்டது. இடம் மாறியோர் கடலோரத்திலிருந்த பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும்.

வடிவமைப்பு

அரசு விதிகளின்படி ஒரு வீட்டின் பரப்பு 300 முதல் 325 சதுர அடி; மதிப்பீடு 1.5 இலட்சம் ரூபாய். நிலநடுக்கத்தைத் தாங்கும் பொருட்டு, சுவர்களைச் சுற்றிக் கம்பியிட்ட கற்காரைப் பட்டைகள் அமைப்பது வலியுறுத்தப்பட்டது. சாய்வான ஓட்டுக்கூரைக்கு மாற்றாகத் தட்டையான கற்காரைக் கூரை பரவலானது. ஒரே அளவிலான வீடுகள் நேர்வரிசைகளில் அமைந்தன.

இலண்டன் முன்னோடி

அமெரிக்க வணிகர் சார்ச் பீபாடி 1862இல் அளித்த 1,50,000 பவுண்டு நன்கொடையால் பீபாடி அறக்கட்டளை தோன்றியது. அதன் முதல் கட்டடம், என்றி டார்பிசையர் என்னும் கட்டடக்கலைஞரின் வடிவமைப்பில், 1864இல் இசுபிட்டல்ஃபீல்ட்சில் திறக்கப்பட்டது. முற்றத்தைச் சூழ்ந்த பல அடுக்குகள், பொதுக் கழிப்பிடம், பொதுச் சலவையிடம் ஆகியன அக்காலப் பீபாடி குடியிருப்புகளின் இயல்புகளாக இருந்தன. சுவருக்குத் தாள் ஒட்டவும் குடியிருப்போர்க்கு அன்று உரிமை இருக்கவில்லை. அவை படைவீரர் பாசறை போன்றுள்ளன என்றும், வாரந்தோறும் வாடகை செலுத்த இயலாத மிக வறியோரை விலக்கின என்றும் குறை கூறப்பட்டது.

மதிப்பீடு

இலண்டனில் குடியிருப்போர் வாடகையாளராகவே இருந்தனர். இங்கு அவர்கள் உரிமையாளர் ஆயினர். பெண்களுக்குச் சட்டப்படியான பங்கு கிடைத்தது இத்திட்டத்தின் முதன்மையான பயனாகும். ஆயினும் மீனவருக்கு வீடு என்பது பணியிடமும் ஆகும். வலை பழுது பார்க்கவும் கருவாடு உலர்த்தவும் முற்றம் வேண்டும்; வள்ளத்தையும் கடலின் போக்கையும் கவனிக்கக் கரை அருகில் இருக்க வேண்டும். கடலிலிருந்து விலகிய குடியிருப்பு உயிருக்குப் பாதுகாப்பளித்தாலும் தொழிலுக்கு நாள்தோறும் நடையைக் கூட்டுகிறது. பிள்ளைகள் மணமுடித்த பின் 325 சதுர அடி போதுவதில்லை.

இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில் தட்டைக் கூரையில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. கம்பியை மூடிய கற்காரை மெலிதாக இருப்பின் உப்புக்காற்றால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். கூரை வெடித்து உதிரும். கொடையாளரின் பணி பெரும்பாலும் வீட்டை ஒப்படைப்பதுடன் முடிவதால், பராமரிப்புச் செலவு குடியிருப்போரையே சேர்கிறது.