குழந்தைகளை வதைத்தவர்

ரிமினி கிரெகரியைப் பற்றி இறையியல் சரித்திரங்களில் தேடினால் முதலில் அகப்படுவது ஒரு பட்டப்பெயர்: 'குழந்தைகளை வதைப்பவர்'. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களை நரகத்தீயில் போட்டவர் என்று வசை. விரிவுரையை வாசித்தபின் இந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை.

அகஸ்டின் பெயரைத் தாங்கிய சபையின் துறவி அவர். 1343-44ல் பாரிஸில், அக்கால வழக்கப்படி, பீட்டர் லொம்பார்டின் 'வாக்கியங்கள்' நூலுக்கு விரிவுரை நிகழ்த்தினார். முதல் இரண்டு புத்தகங்களுக்கானது மட்டும் எஞ்சியிருக்கிறது. லொம்பார்டினுடையது பன்னிரண்டாம் நூற்றாண்டுத் திரட்டு. அதில் பெரும்பகுதி அகஸ்டின் மேற்கோள்கள். பலருக்கும் அகஸ்டின் என்றால் அந்தத் துண்டுகள்தாம். கிரெகரி மூலநூல்களுக்கே போனார். எந்த நூல், எந்த அத்தியாயம் என்று குறித்து, நீளமாக, முன்பின் வெட்டாமல் எடுத்துக்காட்டினார். ஒக்காம், ஆடம் உட்ஹாம் முதலிய ஆங்கிலேயர்களையும் இதே சிரத்தையோடு வாசித்து வாதிட்டார்.

மூலத்துக்குப் போவதில் ஆபத்து உண்டு. நமக்கு வேண்டியது அங்கே இராது. சிசுக்களுக்குக் கடவுள் தரிசனம் இல்லை, வேதனையும் இல்லை என்பது அக்வினாஸ் உள்ளிட்டோர் கருத்து. லிம்போ என்கிற இரக்கமான ஏற்பாடு. அகஸ்டினோ மிக லேசான தண்டனை என்கிறார். லேசானாலும் தண்டனைதானே. கிரெகரி இதை மழுப்பவில்லை. வாக்கியங்களை வரிசையாக வைக்கிறார். பிறகு அவர் செய்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருச்சபை இதைத் திட்டவட்டமாகத் தீர்த்துத் தாம் கண்டதில்லை. முன்னோரை மறுப்பதும் துணிச்சல், பொதுக்கருத்தை மறுப்பதும் துணிச்சல். ஆகவே முடிவு கட்டாமல் வாசகனின் தீர்ப்புக்கு விடுவதாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

நழுவல் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தேவனின் விசேஷ உதவியின்றி மனிதனால் ஒரு நற்செயலும் ஆகாது என்று, தம் காலத்துப் பெலேஜியர்களை ஓங்கி அடித்தவர் இவர். தயக்கம் அவர் சுபாவமல்ல. சிசுக்கள் விஷயத்தில் மட்டும் கை பின்வாங்குகிறது. இரக்கம் காரணம் என்பதற்குப் பிரதியில் ஆதாரமில்லை. மூலத்தைப் பார்த்துவிட்டவருக்குப் பொய்யாகத் தேற்ற வரவில்லை. அதை வைத்துத் தண்டனை எழுதவும் மனம் துணியவில்லை. இவ்வளவுதான் பக்கத்தில் இருக்கிறது. பட்டப்பெயர் சூட்டியவர்கள் மேற்கோளையும் மேற்கோள் காட்டியவரையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

1357ல் சபைத் தலைவராகி, மறுவருஷம் வியன்னாவில் இறந்தார். விரிவுரையின் திருத்தமான பதிப்பு 1979-87ல் பெர்லினில் ஏழு தொகுதிகளாக வந்தது. 2007ல் ரோமின் சர்வதேச இறையியல் ஆணையம் இதே கேள்வியை எடுத்து, அந்தச் சிசுக்கள் மீட்கப்படுவார்கள் என்று நம்ப இடமுண்டு, நிச்சயமாக அறிந்ததென்று சொல்வதற்கில்லை என்று எழுதியது.