சோழமண்டலத்து இடையனும் பொய் அன்றிலும்

விருதுநகர் வட்டாரத்துக் கண்மாய்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே உயிர். பட்டாசுத் தொழில் சிவகாசியில் வேரூன்ற இம்மண்ணின் வறண்ட வானிலையும் ஒரு காரணம் என்பர். அத்தொழிலுக்கு ஆகாத மழைதான் கொக்கையும் நாரையையும் உள்ளானையும் கண்மாய்க்கரைக்கு அழைத்து வருகிறது. வரும் பறவை ஒவ்வொன்றுக்கும் பெயர் இரண்டு. ஒன்று கரையில் வாழ்வோர் இட்டது. மற்றது பெரும்பாலும் அக்கரையைக் கண்டறியாதவர் இட்டது.

விலங்குகளுக்கு இருசொற்பெயர் இடும் முறையை நிலைநிறுத்தியது, சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பாகும். நீரில் நடந்து இரைதேடும் நெடுங்காற் பறவைகளை அவர் 'கிரல்லே' என ஒரே வரிசையில் தொகுத்தார். இலத்தீனில் அது மனிதர் காலிற் கட்டி நடக்கும் மரக்கட்டையைக் குறிக்கும் சொல். தமிழ்க் கூத்து மரபில் அக்கட்டையின் பெயரோ கொக்கலிக்கட்டை. கொக்கின் காலை நினைவூட்டும் பெயர். அங்கே மனிதனின் கட்டை பறவைக்கு ஏறியது. இங்கே பறவையின் கால் மனிதனின் கட்டைக்கு ஏறியது. உவமை ஒன்றே, திசைதான் வேறு.

தமிழகத்துப் பறவைகள் இப்பட்டியலில் ஏறிய வரலாறு சுவையானது. புதுச்சேரியில் பிடிபட்ட நாரை ஒன்றைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1780இல் அதனை விவரித்தார். அவருடைய நூலுக்கென வரையப்பட்ட வண்ண ஓவியங்களுக்கு 1783இல் டச்சு மருத்துவர் போடர்ட் இலத்தீன் பெயர்கள் அமைத்தார். பறவையைப் பார்த்தல்ல, படத்தைப் பார்த்து. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரிந்தது; 'ஆசிட்டான்ஸ்' என்றார். கொட்டாவி விடுவது என்பது அதன் பொருள். பின்னர்ச் சேர்ந்த 'அனஸ்டோமஸ்' என்னும் பேரினப் பெயரும் திறந்த வாயையே சுட்டுகிறது. கரையில் இருந்தவன் அவ்விடைவெளி எதற்கு என்று அறிந்திருந்தான். நத்தைகுத்தி நாரை என்றான். குஞ்சுகளுக்கு அவ்விடைவெளி இல்லை. வளர வளரவே தோன்றுகிறது. அலகின் வடிவைச் சொன்னது ஒரு பெயர். அதன் தொழிலைச் சொன்னது மற்றொன்று.

அதே 1783இல் போடர்ட் உண்ணிக்கொக்குக்கு இட்ட சிறப்புப்பெயர் 'கோரமண்டா'. கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் திரிபு என்பது பலரும் ஏற்ற கருத்து. 1855இல் பொனபார்ட் என்னும் பறவையியலார் மாட்டிடையன் எனப் பொருள்படும் 'புபுல்கஸ்' என்ற பேரினத்தை அமைக்க, அக்கொக்கு சோழமண்டலத்து இடையனாயிற்று. மாட்டின் பின்னே நடக்கும் கொக்குக்கு இதைவிடப் பொருந்திய பெயர் கிடைத்தல் அரிது. அண்மைக்காலப் பட்டியல்கள் சில இதனை 'ஆர்டியா கோரமண்டா' என மாற்றியுள்ளன. பேரினம் மாறினாலும் முதலில் இட்ட சிறப்புப்பெயர் மாறக்கூடாது என்பது விதி. இடையன் போனான், சோழமண்டலம் நின்றது.

எல்லாப் பெயருக்கும் இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. கண்மாய் மடைதோறும் அசையாமல் நிற்கும் மடையானுக்கு 1832இல் சைக்ஸ் என்னும் படை அதிகாரி இட்ட பெயர் 'கிரேயி'. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து விலங்கியலார் ஜான் எட்வர்ட் கிரே என்பாரைச் சிறப்பிப்பது. கிரே மதிக்கத்தக்க அறிஞரே. ஆயினும் அப்பெயரால் அப்பறவையைப் பற்றி ஒன்றும் அறிய இயலாது. மடையான் என்பதை மடமையோடு சேர்த்துப் பேசுவோரும் உண்டு. மடைவாயில் அது மீன்குஞ்சுக்குக் காத்திருக்கும் பொறுமையை ஒருமுறை கண்டவர் அவ்வாறு சொல்லார்.

இதனால் இலத்தீன் பெயரெல்லாம் உயிரற்றவை என்று கொள்வது தவறாகும். ஆட்காட்டியின் பேரினப் பெயர் 'வனெல்லஸ்'. தானியம் புடைக்கும் கருவியைக் குறித்த 'வன்னுஸ்' என்பதன் வழி வந்தது. அகன்ற சிறகின் அடிப்பில் சுளகின் அசைவைக் கண்ட உழவனின் கண் அப்பெயருக்குள் இருக்கிறது. தமிழன் அதே பறவையைக் குரலால் அறிந்தான். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் ஆட்காட்டி. சங்கப் பாடல்களின் கணந்துள் இதுவே என்று கருதுவோர் உளர்.

கவிஞர்கள் நின்று நோக்க வேண்டியது அரிவாள்மூக்கனின் பெயரை. வயலில் நின்றவன் அதன் அலகில் அரிவாளைக் கண்டான். அறிவியல் அதனை 'திரெஸ்கியோர்னிஸ்' என்கிறது. வழிபாட்டுக்குரிய பறவை என்பது பொருள். எகிப்தியர் போற்றிய உறவினப் பறவையின் பெருமை இதன்மேலும் படிந்தது. இதன் மற்றோர் உறவினமான கருப்பு அரிவாள்மூக்கனுக்கு அப்பேறு இல்லை. 1824இல் டெம்மிங்க் அதன் தலையிலுள்ள சிவந்த பருக்களைக் கண்டு 'பாப்பில்லோசா' என்றார். 1844இல் ஹாட்ஜ்சன் பொய் ஐபிஸ் எனப் பொருள்படும் 'சூடிபிஸ்' பேரினத்தை அமைத்தார். வளைந்த அலகு, சிவந்த தலை, பனையிற் கட்டும் கூடு ஆகியவற்றைக் கொண்டு சங்க அகப்பாடல்களின் அன்றில் இப்பறவையே என்று அறிஞர் சிலர் துணிவர். அவர் துணிவு சரியாயின், துணையைப் பிரிந்து உயிர்தரியாப் பறவை என்று தமிழ் போற்றியது உலகப் பட்டியலில் பருத்தலைப் பொய்யனாக நிற்கிறது. விதிப்படி அதனை மாற்றவும் இயலாது.

தமிழ்ப் பெயர்களைக் காக்கும் விதி எதுவும் இல்லை. சென்னைப் படைப்பிரிவு மருத்துவர் ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' தொகுதிகளில் நாட்டுப் பெயர்களையும் குறித்துவைத்தார். பின்னாளில் தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' எனத் தனிநூலே செய்தார். இன்றைய கையேடுகளில் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்த சொற்களும் புகுந்துள்ளன. நத்தைகுத்தி போன்ற பெயர் கைவசம் இருக்கையில் அது வேண்டாத உழைப்பு.

1985 வரை விருதுநகரும் சிவகங்கையும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. சிவகங்கைப் பகுதியின் வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாயின. அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சிவகாசி வெடி நாடெங்கும் போகிறது. அந்தக் கண்மாய்க்கரையில் மட்டும் நத்தைகுத்தி நாரைக்காக நிற்கிறது.