கடலூர்ப் பெயரில் கடல் இல்லை

வங்கக் கடலோரத்தில் ஓர் ஊர், பெயர் கடலூர். இதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஊரின் பழைய பெயர் கூடலூர். அதில் இருப்பது கடல் அல்ல, ஆறு.

நீர்கள் கூடும் இடம் கூடல். நெல்லைச் சீமையின் முக்கூடலும் பவானியின் கூடுதுறையும் இந்த வழியில் வந்தவையே. இங்கே மேற்கிலிருந்து வரும் கெடிலமும், கரையை ஒட்டியே தெற்கிலிருந்து ஏறிவரும் பரவனாறும் (உப்பனாறு என்றால்தான் பலருக்குத் தெரியும்) பழைய துறைமுகத்தருகே கலந்து கடலில் விழுகின்றன.

கூடல் எப்படிக் கடலாயிற்று? ஆங்கில எழுத்தின் வேலை என்பது என் கணிப்பு. கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கூகாரத்தை ‘சி, யு’ என்று எழுதினார்கள். அந்த ‘யு’ அவர்கள் மொழியில் அகரத்துக்கும் நிற்கும். கடப்பை என்ற ஊரையும் கடலூரைப் போலவே ‘சி, யு, டி, டி’ கொண்டுதான் தொடங்கினார்கள். ஆக, காகிதத்தைப் பார்ப்பவர் ‘கூட’ என்றும் வாசிக்கலாம், ‘கட’ என்றும் வாசிக்கலாம். காதில் அலையோசை விழுந்துகொண்டிருக்க, எதை வாசிப்பார்? நீலகிரிக் கூடலூர் இன்றும் கூடலூர்தான். அதை ‘ஜி’ போட்டு எழுதினார்கள். போதாக்குறைக்கு அங்கே கடலும் இல்லை. கடலூர் என்ற பெயர் நிலைத்து, 1993இல் தென்னாற்காட்டைப் பிரித்த பிறகு மாவட்டத்துக்கும் போயிற்று.

பேச்சுவழக்கில் மாறியிருக்காதா? வாய் சொல்லைத் தேய்க்கும், அவ்வளவுதான். கடலூரிலேயே உள்ள திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் ஆக்கியது வாய். அதில் புலியூர் அப்படியே இருக்கிறது. கூடலைக் கடலாக்கக் காகிதம் வேண்டியிருந்தது.

காகிதம் தொடாத பெயர் ஒன்றும் பக்கத்திலேயே உண்டு. 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையைக் கும்பினி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்பது அதுதான். பேரத்தில் ஒரு வேடிக்கை: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் தொலைவுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி! வாங்குகிறவன் எளிய பீரங்கியையா கொண்டுவருவான்? அப்படி வளைத்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் போனபோது சோழமண்டலக் கரையில் கும்பினிக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைப் பிடித்து இடித்தது. குண்டு விழுந்த ஊர்களில் ஒன்றுக்கு இன்றும் குண்டு உப்பலவாடி என்றே பெயர்.