ஒளிந்தவன் அகப்பட்டானா? யார் சொல்வது?

கிச்சு கிச்சு தாம்பாளம் விளையாடாத கிராமத்துப் பிள்ளைகள் ஒரு காலத்தில் குறைவு. மணலை நீளமாகக் கரை போலக் குவித்து, ஒரு சிறு குச்சியை அதற்குள் விரல்களால் தள்ளிக்கொண்டே போய் எங்கேயோ விட்டுவிடுவார்கள். கை மட்டும் ஒன்றும் நடக்காதது போலக் கடைசி வரை போய் வரும். எதிரே இருப்பவர் இரண்டு கைகளையும் கோர்த்து, குச்சி இருக்கும் என்று நினைக்கும் இடத்தை மூட வேண்டும். மணலைக் கலைத்தால் குச்சி இருக்கிறது அல்லது இல்லை. நடுவருக்கு அங்கே வேலையே கிடையாது.

ஆனால் ஒளிவதையே வாயால் சொல்லி விளையாடும் ஆட்டத்தில் என்ன செய்வது? "நான் தூணுக்குப் பின்னால் ஒளிகிறேன்" என்கிறார் ஒருவர். உண்மையில் தூணும் இல்லை, காவலனும் இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர், தாள், பென்சில், பகடை, அவ்வளவுதான். காவலன் பார்த்தானா என்பதைப் பகடை சொல்வதா, நடுவர் சொல்வதா? ரோல் பிளேயிங் கேம் எனப்படும் கதாபாத்திர விளையாட்டுகளில் ஓயாத சண்டை இது. வேடிக்கை என்னவென்றால், சண்டை அந்த விளையாட்டுகளை விடப் பழையது.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அதில் எல்லாமே இருவர் கண்ணுக்கும் தெரியும். யானையை ஒளித்து வைக்க வழியில்லை. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, போர்முறை கற்பிக்கும் ஆட்டம் ஒன்றை உருவாக்கினார். அதிலும் கட்டங்கள்தான். 1824இல் பிரஷ்யப் பீரங்கிப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கி வைத்த ஆட்டத்தைத் திருத்தி 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்ற பெயரில் வெளியிட்டார். 'போர் விளையாட்டு' என்று பொருள். இதில்தான் ஒளிவது உள்ளே வந்தது. இரு தரப்பும் தங்கள் ஆணைகளை எழுதி நடுவரிடம் தர வேண்டும். எதிரியின் பார்வையில் படக்கூடிய படைகளை மட்டுமே நடுவர் வரைபடத்தின் மேல் வைப்பார். மற்றவை எங்கே என்று அவருக்கு மட்டும் தெரியும். சேதம் எவ்வளவு என்பதைப் பகடையும் அட்டவணையும் சொல்லும்.

அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் நகரவே இல்லை. ஆகவே 1876இல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி பகடையையும் அட்டவணையையும் ஓரம் கட்டச் சொன்னார். போர் பார்த்த ஒரு நடுவரின் தீர்ப்பே போதும் என்பது அவர் கட்சி. நடுவர் நல்லவராக இருந்தால் சரி. இல்லாவிட்டால்? இந்தக் கேள்விக்கு அன்றும் நல்ல பதில் இருக்கவில்லை.

கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். இருவரும் போர் விளையாட்டுப் பிரியர்கள். முதல் பதிப்பில் ஒளிவதற்கென்று தனித் திறமை இல்லை. ஆறுமுகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் ஒரு கூட்டம் எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளும். மீதியெல்லாம் பேசித் தீர்ப்பது. 1975இல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூல் 'திருடன்' என்ற பாத்திரத்தைச் சேர்த்தது. பூட்டைத் திறக்க, ஓசையின்றி நடக்க, நிழலில் ஒளிய என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். தொடக்க நிலைத் திருடனுக்கு நிழலில் ஒளிய நூற்றுக்குப் பத்துதான்! வினை இங்கேதான் ஆரம்பித்தது. திருடனிடம் அட்டவணை இருப்பதால் மற்றவர்களால் ஒளியவே முடியாது என்று பல மேசைகளில் முடிவு கட்டிவிட்டார்கள். நேற்று வரை திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற போர்வீரன் இன்று நிற்க முடியவில்லை. ஒருவருக்குக் கொடுத்த திறமை மற்ற எல்லோரிடமிருந்தும் பறித்ததாக ஆகிவிட்டது.

பகடையை நம்புவதிலும் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. குத்தம்பாக்கம் பக்கம் ஒரு மாந்தோப்பு, உள்ளே ஒரு காவல்காரர், சுவரேறும் ஐந்து பையன்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவனும் அகப்படாமல் போக 70 சதவீத வாய்ப்பு. நல்ல வாய்ப்புதானே? ஆனால் ஐந்து பேரும் தனித்தனியாகப் பகடை போட்டு, ஒருவன் தவறினாலும் எல்லோரும் மாட்டுவார்கள் என்றால், தப்பிக்கும் வாய்ப்பு வெறும் 17 சதவீதம். நடுவர் சுவரில் ஒரு தடவை, மரத்தடியில் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பப் பகடை கேட்டால் மாம்பழத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒளிபவரையும் தேடுபவரையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஒளிவதற்கு எதிராகப் பார்ப்பது, ஓசையின்றி நடப்பதற்கு எதிராகக் கேட்பது. நியாயம்தான், ஆனால் ஒரே பதுங்கலுக்கு இரண்டு இடத்தில் தவற வாய்ப்பு. 2008இன் நான்காம் பதிப்பு இரண்டையும் ஒன்றாக்கியது. காவல்காரர் பகடை போடாமலேயே அவருடைய சாதாரணக் கவனத்துக்கு ஒரு நிலையான எண்ணும் தந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் குழுவாகச் செய்யும் முயற்சியில் பாதிப் பேராவது தேறினால் குழுவே தேறியதாகக் கொள்ளலாம். அதே ஐந்து பையன்களில் மூவர் தேறினால் போதும் என்றால் வாய்ப்பு 84 சதவீதமாக ஏறிவிடுகிறது. பையன்கள் அதேதான், தோப்பும் அதேதான்.

நான்காம் பதிப்பு வந்த அதே 2008இல் மேத்யூ ஃபின்ச் ஒரு சிறு கையேடு வெளியிட்டு, விதிகளை விட நடுவரின் தீர்ப்பே முக்கியம், எங்கே எப்படித் தேடுகிறாய் என்று வாயால் சொல்லித்தான் விளையாட வேண்டும் என்று வாதாடினார். வெர்னுவாவின் கட்சி மறுபடியும் வந்துவிட்டது.

இவை எல்லாவற்றிலும் அழகான ஏற்பாடு 1981இன் தொடக்கநிலைப் பதிப்பில் இருந்தது எனலாம். நிழலில் ஒளியும்போது பகடையை உருட்டுபவர் திருடன் அல்ல, நடுவர். திருடனோ ஒவ்வொரு முறையும் தான் நன்றாக ஒளிந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வான். கிச்சு கிச்சு தாம்பாளத்தில் குச்சியை ஒளித்தவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று தெரியும். இங்கே காவலனின் விளக்கு தன் பக்கம் திரும்பும் வரை ஒளிந்தவனுக்கே தெரியாது.